கம்பம்–குமுளி பக்கம் பெண்களுக்கு டி.டி. ஊசி ஏன் விடுபடுகிறது? வினாத்தாளில் என்ன கேட்பது?

வராகநதி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசியான டி.டி.யைப் போட்டுக்கொள்வதும் விட்டுவிடுவதும் எதைப் பொறுத்தது என்று பார்க்கும் ஒரு சிறு ஆய்வுக்கு வினாத்தாள் தயாராகிறது. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் ஊர்களிலிருந்து தினமும் ஜீப்பில் மேலே ஏலத் தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்கள் ஒரு பகுதி. வண்டன்மேடு, ஆனக்கரை பக்கம் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னொரு பகுதி.

வரைவில் இப்போது இருப்பவை: வயது, படிப்பு, வருமானம், எத்தனாவது கர்ப்பம், மருத்துவமனை தூரம், கணவர் அல்லது மாமியாரின் சம்மதம், ஊசி பயம், நோயைப் பற்றிய அறிவு (8 கேள்விகள்), மனப்பான்மை (10 கேள்விகள்).

இதில் எது விட்டுப்போயிருக்கிறது? "போட்டுக்கொண்டவர்" என்று யாரைக் கணக்கில் எடுப்பது, கடைசிக் கர்ப்பத்தில் 2 ஊசி போட்டவர் மட்டுமா? தடுப்பூசி அட்டை தொலைத்தவரிடம் எப்படிக் கேட்டால் ஓரளவு நம்பக்கூடிய பதில் வரும்?

---

சுருளிச்சாரல் எழுதியது:

மனப்பான்மைக்குப் பத்துக் கேள்வி வைத்திருக்கிறீர்கள், கிழமைக்கும் நேரத்துக்கும் ஒன்றுகூட இல்லை. அதைத் தலைகீழாக்குங்கள். இந்தப் பக்கம் டி.டி. ஊசியை வேண்டாம் என்று சொல்பவர் அபூர்வம். ஊசி இருக்கிற நாளில், இருக்கிற இடத்தில், அந்தப் பெண் இருப்பதில்லை. விடுபடுவதில் பெரும்பகுதி அதுதான்.

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. மலைக்கு மேலே கேரளத்திலும் புதன்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பரிசோதனை செவ்வாய். ஜீப் விடியுமுன் கிளம்புகிறது, பொழுது சாயும்போது இறக்கிவிடுகிறது. அப்படியானால் இலவச ஊசி ஒன்றின் விலை ஒரு நாள் கூலி. அதோடு முடியாது: பல இடங்களில் ஜீப்காரரேதான் ஆள் சேர்ப்பவர், இரண்டு நாள் வராதவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். காயெடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில், ஆடி கழிந்து தை வரைக்கும், இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். அதனால் "தூரம் எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்பதைவிட "போன தடவை ஊசிக்குப் போனதில் எத்தனை நாள் கூலி போச்சு, யார் கூட வந்தாங்க, திரும்பி எப்ப வந்தீங்க" என்று கேளுங்கள். கர்ப்பத்தின் 4-ஆம், 5-ஆம் மாதம் எந்தத் தமிழ் மாதத்தில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் ஒரு காரணியா என்று பார்க்க வேறு வழி கிடையாது.

இரண்டாவது, வளைகாப்பு. இதை எந்த வினாத்தாளிலும் காணோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். 7-ஆம் மாதமோ 9-ஆம் மாதமோ வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். லயத்தில் வாழ்க்கைப்பட்டவள் கீழே சின்னமனூருக்கு வருவாள், கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட மலைக்காரி மேலே போவாள். முதல் ஊசி ஒரு மாநிலம், இரண்டாவது ஊசி மறு மாநிலம். இரண்டு பதிவேட்டைத் திறந்தாலும் அவள் "பாதி" ஆள்தான். பதிவேட்டை மட்டும் நம்பி எடுத்தால் ஒழுங்காகப் போட்டவளும் விடுபட்டவளாகத் தெரிவாள். இதற்கு நேர்மாறும் நடக்கும்: தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வேண்டும் என்பதால் வசிப்பது மேலே, பதிவு கீழே என்று இரண்டு பக்கமும் பெயர் இருக்கும். ஒரே பெண்ணை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள்.

அந்த நிதி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவது கர்ப்பத்தில் பணமும் இல்லை, "மூணாவதா?" என்ற கேள்வி மட்டும் உண்டு. அதனால் பதிவு 5-ஆம், 6-ஆம் மாதத்துக்குத் தள்ளிப்போகும். வரைவிலுள்ள "எத்தனாவது கர்ப்பம்" என்பதற்குப் பின்னால் இருப்பது இது. "அனுபவம் இருப்பதால் அலட்சியம்" என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதிவிடுவார்கள், முழுக்க அப்படி இல்லை.

18 நிறையாத பெண் கர்ப்பமானால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், போக்சோ சட்டம் அப்படி. அதனால் வீட்டார் ஒளித்துவைப்பதும் உண்டு. உங்கள் களப்பணியாளர் காதில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாமியார் சம்மதம் கேள்வியை எடுத்துவிடலாம். "அட்டை யார் கையில் இருக்கும்?" என்று கேளுங்கள். விடை அதிலேயே வந்துவிடும்.

---

எண்கணக்கு எழுதியது:

யாரைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்விக்கு மட்டும்.

"கடைசிக் கர்ப்பத்தில் 2 ஊசி" என்று வைத்தால் தப்பு. முந்தைய கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்டு 3 ஆண்டுக்குள் மறுபடி கர்ப்பமானவளுக்கு நம் அட்டவணைப்படி ஒரே ஊக்க ஊசிதான். அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், உங்கள் அளவுகோல் அவளை விடுபட்டவள் என்று தள்ளிவிடும். அடுத்தடுத்துக் குழந்தை பெற்றவர்கள் எல்லோரும் இப்படித் தள்ளப்பட்டால், "குழந்தைகளுக்கு இடையே இடைவெளி குறைந்தவர் ஊசி போடுவதில்லை" என்று இல்லாத ஒரு காரணி முளைக்கும்.

தேசிய குடும்பநல ஆய்வு எடுக்கும் அளவுகோல் வேறு: கடைசிப் பிரசவத்துக்குரிய கர்ப்பத்தில் 2 ஊசி, அல்லது மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் போட்டு, கடைசி ஊசி அந்தப் பிரசவத்துக்கு 3 ஆண்டுக்குள், அல்லது 3 போட்டு 5 ஆண்டுக்குள், அல்லது 4 போட்டு 10 ஆண்டுக்குள், அல்லது எப்போதாவது 5. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் அந்தப் பிரசவம் பாதுகாக்கப்பட்டது. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது சுற்றில் இந்திய அளவில் இது 92 சதவீதம். அதே அளவுகோலை எடுத்துக்கொண்டால் உங்கள் எண்ணை ஒப்பிட முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து ஊசி அட்டவணையிலிருந்து வருவதுதான் இது. முதல் ஊசிக்கு 4 வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 மாதம் கழித்து மூன்றாவது, ஒரு வருடம் கழித்து நான்காவது, இன்னொரு வருடம் கழித்து ஐந்தாவது. ஐந்து முடிந்தால் பேறுகால வயது முழுவதற்கும் பாதுகாப்பு. முதல் ஊசி மட்டும் போட்டவளுக்கு நம்பும்படியான பாதுகாப்பு எதுவும் வராது, அதனால் "ஒன்றாவது போட்டார்" என்று ஒரு வகையை வைத்து அதைப் பாதி வெற்றியாக எழுதாதீர்கள்.

இனி கணக்குப் போடும்போது. போட்டவர் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் ஆட்ஸ் விகிதம் (ஒவ்வொரு குழுவிலும் போட்டவரை விடுபட்டவரால் வகுத்து, அவற்றை ஒப்பிடும் எண்) கண்ணைக் கட்டும். பத்தாவது முடித்தவரில் 95 சதவீதம், முடிக்காதவரில் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் விகிதம் 3.35. "படித்தவர் மூன்று மடங்கு அதிகம் போடுகிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 95-ஐ 85-ஆல் வகுத்தால் 1.12 மடங்குதான். விடுபட்டவர் பக்கமிருந்து பார்த்தால் 5-க்கு 15, மூன்று மடங்கு. எனவே "விடுபட்டது" என்பதையே விளைவாக வைத்து, பரவல் விகிதமாக (சதவீதத்தைச் சதவீதத்தால் வகுத்து) எழுதுங்கள்.

எத்தனை முறை கர்ப்பப் பரிசோதனைக்குப் போனார் என்பதைக் காரணிகளோடு ஒன்றாகப் புள்ளியியல் சமன்பாட்டில் கொட்டாதீர்கள். ஊசி போடுவதே பரிசோதனைக்குப் போகும் இடத்தில்தான். அது காரணம் அல்ல, வழி. அதைச் சேர்த்துவிட்டால் படிப்பு, கூலி, தூரம் எல்லாம் "தொடர்பு இல்லை" என்று வந்து நிற்கும். சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு அட்டவணை போடுங்கள்.

படிப்பைப் பற்றி ஒரு சந்தேகமும் உண்டு. டி.டி. 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுகிறது, பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் 5-ஆம் வகுப்பிலும் 10-ஆம் வகுப்பிலும். எட்டாவதோடு நின்று தோட்டத்துக்குப் போனவளுக்கு 16 வயது ஊசி விட்டுப்போக வாய்ப்பு அதிகம். "படித்தவருக்கு விழிப்புணர்வு" என்று எழுதுமுன், ஊசி இருந்த கட்டடத்தில் அவள் இருந்தாளா என்று பாருங்கள். "எந்த வகுப்போடு நின்றீர்கள்" என்று துல்லியமாகக் கேட்டால் இதைப் பிரித்தெடுக்கலாம். "நடுநிலைக் கல்வி", "உயர்நிலைக் கல்வி" என்று பெட்டி போட்டால் முடியாது.

மாதிரி எடுப்பதில் ஒரு குழி. ஜீப் நிற்கும் இடத்தில் ஆள் பிடிப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் மாசமாகி ஐந்தாறு மாதம் ஆனவளும் கைக்குழந்தைக்காரியும் ஜீப்பில் இருக்க மாட்டார்கள். வீடு வீடாகப் பகலில் போனால் ஜீப்காரிகள் இருக்க மாட்டார்கள். 0–11 மாதக் குழந்தை உள்ள தாய்மாரை வீட்டில், ஞாயிறும் இரவு 7 மணிக்கு மேலும் பார்ப்பதுதான் வழி. பூட்டிக் கிடந்த வீட்டை "ஆள் இல்லை" என்று விட்டுவிடாமல் இரண்டு தடவையாவது திரும்பிப் போங்கள். நீங்கள் தேடுகிற ஆள் அந்தப் பூட்டிய வீட்டில்தான் இருக்கிறாள்.

---

தோட்டவழி எழுதியது:

முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஒரு குப்பியில் 10 பேருக்கு மருந்து. பத்துப் பேர் சேர்ந்தால்தான் உடைப்பார்கள். மூன்று பேர் நின்றால் "அடுத்த புதன் வா" என்பார்கள். இதையும் கேள்வியில் சேருங்கள்.

---

மருந்தறை எழுதியது:

@தோட்டவழி, கேள்வியில் சேர்ப்பது சரி, ஆனால் விதி அப்படி இல்லை. டி.டி. குப்பியைத் திறந்த பிறகும் 4 வாரம் வரை பயன்படுத்தலாம். காலாவதித் தேதி தாண்டாமல், 2 முதல் 8 டிகிரிக்குள், தண்ணீரில் மூழ்காமல் இருந்து, லேபிளில் திறந்த தேதியும் நேரமும் எழுதியிருந்து, குப்பியின் மேலுள்ள வெப்பக் காட்டியின் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியே இருந்தால் போதும். காசநோய்க்கான பி.சி.ஜி.க்கும் தட்டம்மை ஊசிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை கலந்து 4 மணி நேரத்தில் வீண். அந்தப் பழக்கத்தை டி.டி.க்கும் நீட்டிவிடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு பெண் வந்தாலும் குப்பியை உடைக்கலாம். புதன் அல்லாத நாளில் வந்தாலும் போடலாம். "ஆள் சேரவில்லை என்று திருப்பி அனுப்பினார்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று வந்தால், அது தாயின் மனப்பான்மைக் கட்டத்தில் வரக் கூடாது. நிலையத்தின் கட்டத்தில் வர வேண்டும்.

இதோடு, போட்டும் பலிக்காமல் போவதும் உண்டு. இந்த மருந்துக்கு வெயிலைவிட உறைபனி எமன். படிகார உப்போடு சேர்த்த மருந்து, உறைந்தால் திரிந்துவிடும், மறுபடி உருகினாலும் வீரியம் வராது. வெப்பக் காட்டி இதைக் காட்டாது. மலைக்கு எடுத்துப் போகும் பெட்டியில் பனிக்கட்டிப் பொதியை அப்படியே அடுக்கினால் குப்பி உறையும். பொதியை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை விட்ட பிறகே அடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை: அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் வண்டல் படிந்தால் கீழே ஊற்ற வேண்டியதுதான். உங்கள் வினாத்தாளில் இது வராது, ஆனால் "2 ஊசி போட்டவர் அனைவரும் பாதுகாப்பானவர்" என்று முடிவுரையில் எழுதாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு வம்பு. முன்பு போட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. 2019-லிருந்து போடுவது ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசி. இங்கிலீஷில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தது (TT) போய், வேறு எழுத்து வந்துவிட்டது (Td). தமிழில் எழுதினால் பழையதும் டி.டி., புதியதும் டி.டி.! பதிவேட்டிலிருந்து தரவு ஏற்றும்போது வருடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ரணஜன்னிக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே, பிரிக்கத் தேவையும் இல்லை. தனியார் மருத்துவமனைகளில் 27 முதல் 36 வாரத்துக்குள் கக்குவானுக்கும் சேர்த்து மூன்று நோய்க்குமான ஊசி போடுவதுண்டு, அதையும் ஒரு ரணஜன்னி ஊசியாகவே எண்ணுங்கள்.

---

வராகநதி எழுதியது:

மிக்க நன்றி. மனப்பான்மைக் கேள்விகள் பத்திலிருந்து மூன்றாகக் குறைகின்றன. இரண்டு சந்தேகம் மிச்சம். அட்டை இல்லாதவரிடம் கேட்பது எப்படி என்று யாரும் தொடவில்லை. மேலே உள்ள லயங்களில் மலையாள அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்துடன், "அது பிள்ளை பிறக்காமல் பண்ணும் ஊசி" என்ற பேச்சு வந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

---

குமுளிவாசல் எழுதியது:

மேல்பக்க விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மலையாளத்தில் ரணஜன்னிக்கு நாட்டுப்பெயர் குதிரைசன்னி. லயத்தில் பிறந்து அங்கேயே மலையாளப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண்ணிடம் "ரணஜன்னி தெரியுமா" என்று கேட்டால் விழிப்பாள், குதிரைசன்னி என்றால் தலையாட்டுவாள். கீழே கம்பத்தில் வயதானவர்களிடம் இசிவு, வில்வாதம் என்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் 8 அறிவுக் கேள்விகள் நோயின் பெயரோடு தொடங்கினால், நீங்கள் அளப்பது நோயறிவை அல்ல, சொல்லறிவை. "பிறந்து ரெண்டு நாள் நல்லாப் பால் குடிச்ச பிள்ளை, அப்புறம் வாய் திறக்க முடியாம, தொட்டாலே வெட்டி வெட்டி இழுத்தா அது என்ன?" என்று படத்தைச் சொல்லிக் கேளுங்கள். 3 முதல் 28 நாளுக்குள் வருவது அப்படித்தான் இருக்கும்.

அட்டையில் தேதிகள் எண்ணில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். டி.டி. 1, 2, ஊக்க ஊசி என்று வரிசை ஒன்றேதான். கடைசி மாதவிலக்குத் தேதியும் பிரசவத் தேதியும் முதல் பக்கங்களில் இருக்கும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்து, எந்தக் கட்டம் எது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் களப்பணியாளர் எல்லோருக்கும் போதும். பக்கத்தைப் படம் எடுக்கும்போது பெயரையும் கைப்பேசி எண்ணையும் விரலால் மறைத்து எடுங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் ஏற்றியிருந்தால் மாநிலம் மாறினாலும் ஊசித் தேதி தெரியும், ஆனால் அது பதிவு செய்த கைப்பேசி எண்ணோடு கட்டியது. கணவன் எண், மாமனார் எண், பழைய எண் என்று மூன்றையும் கேட்க வேண்டியிருக்கும்.

மேலே வீட்டுக்கு வருபவர் ஆஷா (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்), ஊசி போடுபவர் ஜே.பி.எச்.என். (இளநிலைப் பொது சுகாதாரச் செவிலியர்); கீழே கிராம சுகாதாரச் செவிலியர். "நர்சம்மா வீட்டுக்கு வந்தாங்களா" என்று மேலே கேட்டால், ஆஷா வந்திருந்தாலும் "இல்லை" என்பார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு வாசகம் தேவை. லயத்துக்கு ஆள் புதிதாக வந்தால் ஆஷா கணக்கெடுப்பில் அந்தப் பெயர் ஏற எத்தனை நாள் ஆகிறது என்பது தனிக் காரணி. ஆறு மாதத்துக்கொரு தோட்டம் மாறும் குடும்பம் எந்தக் கணக்கிலும் வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். "இந்த வீட்டுக்கு வந்து எத்தனை மாதம்" என்று கட்டாயம் கேளுங்கள்.

வதந்தி விஷயம். பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி என்ற பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது, முழுக்க வானத்திலிருந்து விழுந்ததில்லை. டெல்லியில் ஜி.பி. தல்வார் குழுவினர் கர்ப்ப ஹார்மோனுக்கு எதிராகக் கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை ஆராய்ந்தார்கள், அந்த ஹார்மோனை ஏற்றிச் செல்லும் வாகனமாக ரணஜன்னி நச்சுத் திரிபை (ரணஜன்னி ஊசியில் இருக்கும், வீரியம் நீக்கிய நஞ்சை) சேர்த்திருந்தார்கள். அது வேறு மருந்து, பரிசோதனையில் இருந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1990-களில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், 2014-இல் கென்யா என்று இதே வதந்தி சுற்றியது. ரணஜன்னி ஊசி பேறுகால வயதுப் பெண்களைத் தேடிப் போடப்படுவதுதான் சந்தேகத்துக்குத் தீனி. "ஏன் ஆம்பளைக்குப் போடல?" என்ற கேள்விக்கு நேர்பதில் உண்டு: தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, அதற்குத்தான். இதை மனப்பான்மையில் ஒரு திறந்த கேள்வியாக வையுங்கள். "இந்த ஊசி பற்றி என்ன பேச்சு கேட்டிருக்கீங்க?" போதும். "மலடாக்கும் என்று நம்புகிறீர்களா? ஆம் / இல்லை" என்று அச்சடித்தால், கேட்டறியாத ஊரில் அந்த வதந்தியை நீங்களே விதைத்துவிட்டு வருவீர்கள்.

---

சுருளிச்சாரல் எழுதியது:

அட்டை இல்லாதவரிடம் கேட்பது. கர்ப்பத்தில் பல ஊசி போடுகிறார்கள், பெண்கள் எல்லாவற்றையும் ஊசி என்றுதான் எண்ணுவார்கள். ரத்தம் குறைவென்று ஏற்றும் இரும்புச் சத்து, நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்குவது. குறைமாதம் என்று பயந்தால் பிள்ளையின் நுரையீரலுக்குப் போடும் ஊசி, ஒன்றிரண்டு நாளுக்குள் அடுத்தடுத்து. நெகட்டிவ் ரத்த வகைக்காரிக்கு 28 வாரத்தில் ஒன்று. டி.டி. இவற்றிலிருந்து மூன்று அடையாளத்தில் பிரியும்: மேல்கையில் போட்டது, அன்றைக்கு ஒரே குத்தோடு முடிந்தது, மறுநாள் அந்த இடம் வலித்தது. "எத்தனை ஊசி" என்று தொடங்காமல் "கையில போட்டாங்களே, மறுநாள் கை தூக்க முடியாம இருந்துச்சே, அது எத்தனை தடவை? முதல் தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மாசம் இருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாக வரும். பிறகு இந்தக் கர்ப்பத்துக்கு முன்னால் போட்டதைத் தனியாகக் கேளுங்கள்: பள்ளிக்கூடத்தில், முந்தைய பிள்ளைக்கு, கத்தியோ முள்ளோ வெட்டியதற்கு.

கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் காயம் பட்டால் கிளினிக்கில் உடனே டி.டி. போடுவது வழக்கம், தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே. ஏற்கெனவே முறையாகப் போட்டவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசிக்குப் பத்து ஆண்டு, மண்ணும் சாணமும் பட்ட காயமென்றால் ஐந்து ஆண்டு ஆகியிருந்தால்தான் தேவை. வருடாவருடம் போட்டுக்கொண்டவளின் உடம்பில் எதிர்ப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும். அவளுக்கு மறுபடி போட்டால் சில மணி நேரத்தில் தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிச் சிவக்கலாம். "போன தடவை கை வீங்கிப் போச்சு, வேண்டாம்" என்று சொல்பவளை ஊசி பயம் என்ற கட்டத்தில் அடைக்காதீர்கள். அவள் குறையப் போட்டவள் அல்ல, அதிகம் போட்டவளாக இருக்கலாம்.

கரு கலைந்தவர்களையும் கலைத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் 6 வாரத்துக்குள் தாய்க்கு வரும் ரணஜன்னியும் இதே கணக்குதான். கைக்குழந்தை உள்ளவரை மட்டும் எடுத்தால் இவர்கள் முழுக்க விடுபடுவார்கள், பதிவே ஆகாத கர்ப்பமும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

---

வராகநதி எழுதியது:

களத்தில் ஊசி போடாத கர்ப்பிணியைப் பார்த்துவிட்டால்? தாளில் குறித்துவிட்டு வருவது முறையில்லையே. 8-ஆம் மாதம் என்றால் இனிப் போட்டுப் பயனுண்டா?

---

மருந்தறை எழுதியது:

பயனுண்டு. 36 வாரத்துக்குள் இரண்டும் முடிவது நல்லது, ஆனால் அது தாண்டிவிட்டது என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது, வலி எடுத்து வந்தவளுக்கும் முன்பு போடவில்லை என்றால் போட வேண்டும் என்பதே விதி. அளவு அரை மில்லி, மேல்கைத் தசையில். லேசான சளி, காய்ச்சல், ரத்தக்குறைவு தடையில்லை. முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்கு மட்டும் மருத்துவர் பார்த்தே. போட்டபின் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

34 வாரத்தில் முதல் ஊசி என்றால் 38-இல் இரண்டாவது. பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் அது உடம்பில் இருந்தால்தான் பிள்ளைக்குப் போதிய எதிர்ப்பு போய்ச்சேரும். இவளுக்கு அது நிச்சயமில்லை. அதனால் மருத்துவமனைப் பிரசவத்தை அழுத்திச் சொல்லுங்கள்: சுத்தமான கை, விரிப்பு, பிளேடு, கட்டும் நூல், தொப்புள்கொடியில் எண்ணெயோ மஞ்சளோ சாம்பலோ எதுவும் தடவாமல் விடுவது. பிரசவத்துக்குப் பிறகும் இரண்டாவது ஊசியைப் போட்டே தீர வேண்டும், அடுத்த கர்ப்பத்துக்கு அது முதலீடு.

இடைவெளி 28 நாள். புதனில் போட்டால் நான்காவது புதன் சரியாக 28-ஆம் நாள். சில ஊர்களில் மாதத்தில் இரண்டாவது புதன் மட்டும் என்று வைத்திருப்பார்கள், ஒரு இரண்டாவது புதனுக்கும் அடுத்ததற்கும் நடுவே 28 அல்லது 35 நாள்தான் வரும், குறையாது. அதனால் "சீக்கிரம் வந்துட்டே" என்று திருப்பி அனுப்ப இடமே இல்லை.

---

சுருளிச்சாரல் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. அப்படிப் பார்த்த பெண்ணிடம் "புதன்கிழமை போங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அரசு மருத்துவமனையில் எந்த நாளும் போட வழி இருக்கிறதா, ஜீப் வராத நாள் எது, அட்டையில் அடுத்த தேதி பென்சிலிலா பேனாவிலா, எல்லாம் பார்த்துவிட்டு அந்த ஊர்ச் செவிலியருக்கு அவள் சம்மதத்தோடு தகவல் சொல்லுங்கள். மேலே தாய்வீட்டுக்குப் போகப் போகிறாள் என்றால் அந்த ஊர் ஆஷாவுக்கும். எந்த மாதம் வளைகாப்பு என்று மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற தேதியெல்லாம் அதையொட்டித்தான் போட வேண்டியிருக்கும்.